சுருக்கம் விடாத அட்டை

— இந்த அட்டையை யாரு வெட்டினது, அண்ணி?

— எந்த அட்டை?

— இதோ, தச்சரோட அலமாரிப் பெட்டிக்கு வெச்சிருக்கிற அச்சு அட்டை. மண்ணுல பக்கச் சுவர் நாலையும் இதை வெச்சுத்தானே வெட்டப் போறீங்க?

— நான்தான் வெட்டினேன். வேற யாரு, தேவலோகத்துலேர்ந்து ஆள் வருமா? அந்த உருளையை இப்படித் தள்ளு. ஜன்னலையும் சாத்து. காத்துல மண்ணு ஓரம் காயுது.

— காயட்டும். அலமாரியில ஒரு அறை பத்து அங்குலம். இந்த அட்டையும் பத்து அங்குலம்.

— ஆமா போ. அறைக்குத் தக்க அட்டை. அதுல என்ன தப்பு?

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மண்ணு காய்ஞ்சா சுருங்கும், சூளையில வெந்தா இன்னும் சுருங்கும். பத்துல வெட்டினா ஒன்பதாத்தான் வெளிய வரும். பதினொண்ணுல வெட்டினாத்தான் பத்துல வந்து நிக்கும். செவுத்துல சாக்பீஸால "பத்துக்கு ஒண்ணு கூட்டு"ன்னு எழுதி வெச்சதே நீங்கதான், அண்ணி.

— மறந்துட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்.

— ஒரு தடவை சறுக்கலாம். முதல்ல செஞ்ச பெட்டியெல்லாம் அந்த அறைக்குள்ள, பொக்கை வாயில ஒத்தைப் பல்லு மாதிரி ஆடிச்சு. சரி, கை தவறிடுச்சுன்னு விட்டேன். ரெண்டாவது தடவையும் ஆடிச்சு. இது மூணாவது. இது என்ன யானை, ஒரே படியில மூணு தடவை சறுக்குது?

— வாய் ரொம்ப நீளுது உனக்கு. வா, துணியோட சேர்த்து மண் தகட்டைத் தூக்கு. ரெண்டு கையாலயும். ஐயோ, மடிக்காத! இப்போ மடங்கினா, அப்புறம் எவ்வளவு நிமித்தினாலும் சூளைக்குள்ள போய்ப் பழையபடி வளைஞ்சுக்கும்.

— மடிக்கல. பலகை மேல நேரா வெச்சாச்சு. நீங்க பேச்சை மாத்தாதீங்க.

— யாரு மாத்தினா? வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

— வேலையைத்தான் பார்க்கிறேன். போன வாரம் பூந்தொட்டி செஞ்சீங்க, அட்டை கணக்கா இருந்தது. டீக்கடைக்குச் சதுரக் குவளை செஞ்சீங்க, அதுவும் கணக்கா இருந்தது. தச்சர் வேலைன்னா மட்டும் உங்களுக்குக் கணக்கு மறந்து போகுதா?

— அவர் கொடுத்த அளவு தப்பா இருக்கும்.

— பாவம், அவர் மேல பழியைப் போடாதீங்க. பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த அறையைப் புதுசா அளந்து எடுத்துட்டு வர்றார். இருங்க, இருங்க. எதுக்குப் புதுசா அளக்கிறார்? அவர் அலமாரி என்ன, வாரத்துக்கு ஒரு தடவை வளருதா?

— அது அவர் தொழில்ல இருக்கிற சுத்தம்.

— நல்லா இருக்கு சுத்தம்! நீங்க சின்னதாவே செய்யுறீங்க, அவர் அதே அறையை மறுபடி மறுபடி அளக்கிறார். இதுல யாருக்கும் கோபம் வரல. போன தடவை பெட்டி ஆடுதுன்னு சொல்ல வந்துட்டு அந்த மனுஷன் சந்தோஷமா ரெண்டு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போறார். அண்ணி, சிரிக்கிறீங்க!

— சிரிக்கல. மூக்குல மண்ணு பட்டுடுச்சு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காதீங்க. பெட்டி பொருந்திட்டா எடுத்துட்டுப் போயிடுவார், அப்புறம் வரமாட்டார். அதானே?

— அது இல்லடி.

— பின்ன?

— ஓரத்துல கீறல் போடு. நாலு ஓரமும் நல்லாக் கீறி, சேத்துக் குழம்பைத் தடவு. வழவழன்னு விட்டா இப்போ ஒட்டின மாதிரி பாவலா காட்டிட்டு, காயும்போது விட்டுடும்.

— கீறிக்கிட்டுத்தான் இருக்கேன். கை பாட்டுக்குக் கீறும், காது உங்ககிட்டதான் இருக்கு. சொல்லுங்க.

— அவர் கேட்டுட்டார்.

— என்ன கேட்டார்?

— பெட்டியவா கேட்பார்? "நீங்களும் தனி, நானும் தனி. எதுக்கு ரெண்டு இடத்துல அடுப்பு எரியணும்"னு கேட்டார். புரியாத மாதிரி நின்னேன். அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நேராவே கேட்டுட்டார்.

— எப்போ?

— இந்த வேலை கொடுக்க வந்த அன்னைக்கு. நீ சூளைக்கு விறகு பார்க்கப் போயிருந்தே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "முதல்ல உங்க அலமாரி நிறையட்டும், அப்புறம் பதில் சொல்றேன்"னு சொல்லிட்டேன்.

— அதனால அலமாரி நிறையக் கூடாது.

— ம்.

— பெட்டி பொருந்தினா பதில் சொல்லணும். பதில் சொல்லக் கூடாதுன்னா பெட்டி பொருந்தக் கூடாது. அடேயப்பா! வாயில்லாத மண்ணு, அதைப் போய் இந்தப் பாடு படுத்தியிருக்கீங்களே! வேண்டாம்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?

— வாய் வரல.

— சரின்னு சொல்லியிருக்கலாமே?

— அதுவும் வரல.

— அவரைப் பிடிக்கலையா?

— பிடிக்காதவருக்கா மூணு தடவை மண்ணு பிசைவேன்? பிடிச்சிருக்கு. போதுமா? அவரும் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அதைச் சொல்லிச் சொல்லி என்கிட்ட இரக்கம் சம்பாதிக்கல. உங்கண்ணன் போனப்புறம் இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்தாங்க. எப்போ எழுந்து போவாங்கன்னுதான் இருந்தது. இவர் எழுந்தாத்தான், அதுக்குள்ளயான்னு இருக்கு.

— இவ்வளவு இருக்கா! அப்புறம் என்ன தடை? ஊர் பேசும்னு பயமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதை விடுங்க.

— ஊர் கிடக்கு கழுதை. நீ இருக்கியே.

— நானா? நான் என்ன பண்ணினேன்?

— உடனே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. நீ புருஷன் வேண்டாம்னு ஒத்தைப் பையோட வாசல்ல வந்து நின்னே. உங்கண்ணன் உன்னைப் பார்த்து அழுதாரே தவிர, உள்ள வான்னு சொல்லத் தோணல அவருக்கு.

— நீங்கதான் பையைப் பிடுங்கி உள்ள வெச்சீங்க. "முதல்ல குளி, அப்புறம் அழலாம்"னு சொன்னீங்க. அதை மறப்பேனா?

— அப்புறம் அவர் போயிட்டார். சொந்தக்காரங்க எல்லாம் கூடத்துல உட்கார்ந்து, "அவனே போயிட்டான், இனி இவளுக்கு இங்க என்ன வேலை, அம்மா வீட்டுக்குப் போகட்டும்"னு பேசினாங்க. அப்போ நீ வாசப்படியை மறிச்சுக்கிட்டு நின்னு என்ன சொன்னே?

— "எங்க அண்ணி எங்கயும் போகமாட்டாங்க"ன்னு சொன்னேன்.

— அந்த ஒத்தை வார்த்தையிலதான் நான் இங்க இருக்கேன். நமக்குள்ள ரத்த உறவா இருக்கு? உங்கண்ணன் பொண்டாட்டிங்கறதால நான் உனக்கு அண்ணி. நாளைக்கு நான் இன்னொருத்தர் பொண்டாட்டி ஆயிட்டா, உனக்கு நான் யாரு? என்னன்னு கூப்பிடுவே?

— அக்கான்னு கூப்பிடுறேன்.

— எதிர்வீட்டுக்காரியும் உனக்கு அக்கா. பஸ்ல காலை மிதிக்கிறவளும் உனக்கு அக்கா. அந்தக் கூட்டத்துல போய் நிக்க நான் வரல.

— ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவும்?

— வார்த்தைதானேன்னு சொல்லாத. எனக்கு இந்த வீட்டுல பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருக்கு. அது போயிட்டா, இதே மேஜையில எதிரெதிரா நின்னு வேலை செய்வோம், ஆனா நீ யாரோ, நான் யாரோ. என்னால முடியாதுடி.

— நீங்க சொல்றது எனக்குப் புரியுது, அண்ணி. மத்தவங்களைவிட எனக்கு நல்லாவே புரியும். எங்கண்ணன் போனதுலேர்ந்து நான் ஒரு ஆம்பளையை அண்ணேன்னு கூப்பிட்டதில்ல.

— அதுதான் தெருவுக்கே தெரியுமே. நரைச்ச மீசை வெச்ச பால்காரரைத் தம்பிங்கறே. அந்த மனுஷன் பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், யாரைக் கூப்பிடுறேன்னு.

— என்ன செய்ய? வாய் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது. அந்த வார்த்தைக்கு எனக்கு ஒரே ஆள்தான் இருந்தார். இன்னொருத்தருக்குக் கொடுத்தா அவர் நிஜமாவே போயிட்டார்னு ஆயிடும்.

— அதைத்தான் நானும் சொல்றேன். விட்டுடு. இப்படியே இருப்போம். ஏய், கத்தரிக்கோலை எதுக்கு எடுக்கிறே?

— புது அட்டை வெட்டுறேன். பதினொண்ணு.

— வேண்டாம். கீழ வை.

— இந்தத் தடவை பெட்டி பொருந்தும். கூட்டுற இடத்துல கூட்டித்தான் ஆகணும். செவுத்துல எழுதியிருக்கு.

— பொருந்தினா வேண்டாம்னுதான் சொல்வேன். முடிவு பண்ணிட்டேன்.

— எனக்காகவா? எனக்காக நீங்க ஒருத்தரை வேண்டாம்னு சொல்லிட்டு, தினமும் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுவீங்க. எனக்குத் தொண்டைக்குள்ள சோறு இறங்குமா?

— நாள் போனா பழகிடும்.

— பழகாது. கேளுங்க அண்ணி, உள்ளதைச் சொல்றேன். நீங்க போனா நான் அழுவேன். நாலு நாள் சமைக்காம, தலை வாராம, பார்க்கிறவங்க பயப்படுற மாதிரி அழுவேன். ஆனா எனக்காகப் போகாம இருந்தீங்கன்னா, அது ஆயுசுக்கும் என் நெஞ்சுல கிடந்து உறுத்தும். நாலு நாள் அழுகை தேவலை.

— அழாதடி. இப்பவே ஆரம்பிச்சுட்டியே. தகட்டு மேல சொட்டுது பாரு, அந்த இடம் குழைஞ்சுடும்.

— குழையட்டும். நீங்க மட்டும் என்ன? உங்க கன்னத்துல வழியுறதுக்குப் பேரு மூக்குல பட்ட மண்ணா?

— போடி. ஷ்... கதவைத் தட்டுற மாதிரி இல்ல?

— தட்டுறாங்க.

— அவர்தான். இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தார். ஐயோ, இந்த மூஞ்சியோட எப்படி நிக்கிறது? நீ போ. நான் இல்லைன்னு சொல்லிடு.

— பொய் சொல்லணுமா?

— பொய்யோ மெய்யோ. அலமாரி வேலையும் முடியாது, வேற எதுவும் முடியாதுன்னு சொல்லி அனுப்பிடு. நானே போனா என் வாய் வேற எதையாவது சொல்லிடும். உன் கையைப் பிடிச்சுக் கேட்கிறேன்.

— விடுங்க, கையெல்லாம் சேறு. நான் பார்த்துக்கிறேன். நீங்க முகத்தைக் கழுவுங்க.

— என்ன சொல்லப் போறே?

— வாயில வர்றதைச் சொல்றேன். வருதான்னு பார்ப்போம்.

— வீட்டுல யாரும் இல்லைங்களா? தச்சன் வந்திருக்கேன். அலமாரியை இன்னொரு தடவை அளந்து எடுத்துட்டு வந்திருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

— வாங்க... வாங்கண்ணே. அண்ணி உள்ளதான் இருக்காங்க.