விக்கம் துரையின் தங்கச்சி

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. இன்றைக்கு வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது, பேச இதமாக இருக்கும். தானே படம் எடுத்துத் தானே நடித்த ஒரு வெள்ளைக்காரரின் கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

என் வீட்டுக்காரர் விட்டுப்போன டெண்ட் கொட்டகையைத் திருச்சியில் மன்னார்புரம் தாண்டி நான்தான் நடத்திவந்தேன். ஞாயிறு மத்தியானம் பழைய ஊமைப்படம் ஓடும். திரைக்குப் பக்கத்தில் நின்று நான் கதை சொல்வேன். ஜனங்கள் படத்துக்காக வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதிகம் ஓடியது விக்கம் துரையின் படம். அமெரிக்காவில் சினிமாவே புதிதாக இருந்த காலத்தில் பேர் எடுத்தவராம். அவருடைய வித்தை என்ன தெரியுமா? ஓடுவார், ரயில் கூரையிலிருந்து குதிப்பார், விழுவார், தொப்பியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். எல்லாப் படத்திலும் அதேதான். அதற்கு டைரக்டர் என்று ஒரு பட்டம். படங்கள் பேச ஆரம்பித்ததும் அவருடைய கீச்சுக்குரலைக் கேட்டு அங்கே சிரித்துவிட்டார்களாம். பிழைப்புத் தேடி மெட்ராஸ் ஸ்டூடியோவுக்கு வந்து, சண்டைக்காரர்களுக்கு விழக் கற்றுக்கொடுத்து, தமிழும் பேசப் பழகி, கண்ணில் புரை விழுந்து, ஐம்பத்தேழாம் வருஷம் திருச்சியில் வந்து நின்றார். தன் படம் என் கொட்டகையில் ஓடுவதாகக் கேள்விப்பட்டாராம். மற்ற பிரதியெல்லாம் தீயில் போய், இது ஒன்றுதான் மிச்சமாம்.

முன்வரிசையில் உட்கார்ந்தார். முகம் எதுவும் தெரியாது, மங்கலான அசைவை வைத்தே தன் படத்தைக் கண்டுகொண்டார். முடிவில், ஆற்றிலிருந்து தூக்கிய பெண்ணின் வாயில் அவர் வாய் வைப்பார். நம் ஜனங்களுக்கு அதை எப்படிச் சொல்வது? தண்ணீர் குடித்து மயங்கிய தங்கைக்கு அண்ணன் மூச்சு ஊதுகிறான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

அன்று துரை எழுந்து நின்றார். "அம்மா, பொய் சொல்றீங்க. அது தங்கச்சி இல்ல. நோரா. என் பெண்டாட்டி."

"ஏங்கம்மா, இத்தனை நாளா தங்கச்சிக்கா முத்தம் குடுக்க வச்சீங்க?" என்றான் டிக்கெட் கிழிக்கும் சின்னையா.

சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன எந்தக் கதைக்கும் யாரும் அழவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நோரா செத்து ரொம்பக் காலமாம். ஒரு போட்டோகூட இல்லையாம். "கண் ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு தடவ அவ மொகத்தப் பாக்கணும்மா. அப்புறம் படப்பெட்டிய நீங்களே வச்சுக்கங்க."

"பத்திரமா இருக்கு துரை," என்றேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பாலக்கரையில் ஷேக் தாவூது பாயின் வளையல் பட்டறையில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். தேய்ந்த பிலிமைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால், படமெல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை வெட்டி வளையல் செய்வார்கள். கழுவுவதற்குக் கண் வேண்டியதில்லை.

துரைக்கு வேலை பிடித்துவிட்டது. "எவன் எடுத்த குப்பையோ, ஒழியட்டும்," என்று சிரித்துக்கொண்டே தேய்ப்பார். அடுத்தவன் படம் அழிவதில் அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாவுக்குப் போன நேரம், நான் பெட்டியைக் கொண்டுபோய் அவருடைய தொட்டியில் சுருள்களை அவிழ்த்துவிட்டேன்.

"இது யாரு படம்மா?"

"யாரோ ஓடிக் குதிக்கிறவன் படம் துரை. இந்தக் கடைசிச் சுருள மட்டும் நல்லா அழுத்தித் தேயுங்க, சீக்கிரம் போகாது."

அழுத்தித் தேய்த்தார். கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்றே கொட்டகைக்கு ஓடிவந்தார். மெட்ராஸுக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன். அறுபத்திரண்டில் சாகும்வரை வாராவாரம் வந்து கேட்டார். வாராவாரம் அதையே சொன்னேன். உண்மையைச் சொல்லி அவர் மனசை உடைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.

இருட்டுவதற்குள் கிளம்புங்கள். உங்கள் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.