பிள்ளை பார்த்த ஒருத்தி

இரவு இரண்டேகால் மணி. ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்து. நாய்கூடக் குரைக்கவில்லை... சந்திரிகா தனியாக நடந்தாள். தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மருமகள். ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை உள்ளே கண்ணாடிப் பெட்டியில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும் என்று எதிர் லாட்ஜிலேயே தங்கியிருந்தாள்.

அவளுக்குப் பேய் பயமெல்லாம் கிடையாது. பயம் வேறு. ஒன்றரை மாதமாகியும் பிள்ளையின் கண் எதிலும் நிலைக்கவில்லை. காலையில் கண் டாக்டர் வருகிறார். "பார்வை இருக்குமோ என்னவோ" என்று மாமியார் அதற்குள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

பிள்ளை முழித்திருந்தது. நர்ஸ் ஹம்சா ஒரு அட்டையைத் தந்தாள். வெள்ளையில் கறுப்புக் கட்டம்.

"மூஞ்சிக்கு ஒரு அடி தள்ளிப் புடிக்கா. மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகத்து. கண்ணு கூடவே வருதான்னு பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அட்டை இடப்பக்கம் போனது. பிள்ளையின் கண்... வலப்பக்கம் போனது.

சளக்... சளக்... ரப்பர் செருப்பு. அந்த அறைக்குள் யாரையும் செருப்போடு விடமாட்டார்கள். பேறுகால மருந்தின் பூண்டு வாடை, கூடவே ஈரத்துணி மக்கிய நாற்றம். முதுகுக்குப் பின்னால்தான். பிள்ளை அவள் தோளைத் தாண்டி இமைக்காமல் பார்த்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் பிள்ளை பார்க்கிறதே... அட்டையைக் கீழே வைத்தாள். திரும்பவில்லை.

"நீ யாரா வேணா இருந்துட்டுப் போ. எம்புள்ள உன்னைப் பாக்கான். கொஞ்சம் இடப்பக்கம் நகரு."

சளக். கண்களும் இடப்பக்கம் போயின.

"இப்ப அந்தப் பக்கம். மெதுவா."

சளக்... சளக்...

காலையில் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். அதற்கப்புறமும் பத்து இரவு சந்திரிகா அந்தச் செருப்புக்காரியிடம் வேலை வாங்கினாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று காலி வராந்தாவைப் பார்த்துக் கறாராகச் சொன்னாள்.

"நீ செஞ்சத மறக்க மாட்டேன். ஆனா இதோட நின்னுக்க. இவன் எம்புள்ள."

புருஷன் சாமான்களோடு பைக்கில் முன்னால் போனார். ஆட்டோ பாண்டி பஜார் திரும்பியது. மடியில் பிள்ளையின் கண்கள்... இடம்... வலம்... இடம்...

சந்திரிகா பல்லைக் கடித்தாள்.

"சரி, ஏறிட்ட. ஓரமா உக்காரு. புள்ள மேல மட்டும் கை வைக்காத."

பக்கத்தில் அமுங்கியிருந்த ரெக்ஸின் சீட் மெல்ல எழும்பியது. ஓரத்தில்... அமுங்கியது.