கூரையில் இரண்டு தட்டு

இந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்காது, மிஸ் டெலனி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக்கூடாது. ஆப்பிள் பை சுமாராக இருக்கும். பரிமாறுகிற பெண்ணிடமே இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் அதே காப்பியைத்தான் ஊற்றுகிறாள். எனக்குப் பொய் என்றால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அதனால்தான் நேற்று நீங்கள் போனில் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டு வெளிவந்தது வசந்தத்தில், லைல் ப்ரூவெட் செத்தது கோடையில். ஆகவே அது அவன் சாவைப் பற்றிய பாட்டே இல்லை, வெறும் தற்செயல், வானொலி நிகழ்ச்சியில் அப்படித்தான் சொல்லப்போகிறேன் என்றீர்கள். பாட்டில் வருகிற மலை வளைவில் நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். 'உண்மைச் சம்பவத்தில் பிறந்த பாட்டு' என்று அதில் செதுக்கியாகிவிட்டது. நீங்கள் வானொலியில் இப்படிச் சொன்னால் அந்தக் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அறுபது வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் 'இது நடந்த கதை' என்று சொல்லிவிட்டுத்தான் கிட்டாரைத் தொட்டிருக்கிறேன். சாகிற வயதில் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் ஒரு பொய்யன் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பதிவுப் பெட்டியை ஓடவிடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் இருவருடைய அப்பாக்களுக்கும் விமானத் தொழிற்சாலையில் வேலை. நானும் லைலும் ஒரே தெரு. பள்ளத்தாக்கில் அப்போது ஆரஞ்சுத் தோப்புகளை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்களுக்குக் காரைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. லைல் தன் கறுப்பு ஃபோர்டு கூப்பே காரை ஒரு கோழிப்பண்ணையில் கண்டுபிடித்தான். அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இழுத்துவந்து, கூரையை அறுத்துத் தணித்து, பெரிய இன்ஜினைத் திணித்து, அதை அந்தப் பக்கத்திலேயே யாராலும் தொட முடியாத வண்டியாக ஆக்கினான். சும்மா சொல்லக்கூடாது, அவன் கை அப்படி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை பந்தயத் தளத்துக்குப் போனால் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அகலமான வழுக்கை டயர்களை மாட்டுவோம். முடிந்ததும் மறுபடி தெரு டயர். சக்கரத்து நட்டுகளை முறுக்குவது ஓட்டுகிறவன் இல்லை, அவனுடைய நண்பன். முறுக்கி முடித்ததும் நண்பன் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். எல்லாம் சரி, போ என்று அர்த்தம். தட்டு விழாமல் யாரும் வண்டியை எடுக்கமாட்டார்கள். தட்டு விழுந்தபிறகு இறங்கிப்போய் நட்டைச் சோதித்தால், நண்பனைப் பொய்யன் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. ஒருவன் அப்படி இறங்கிப் பார்த்ததற்காக அவனுடைய தாடையை உடைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடைத்தது அவனுடைய சொந்த அண்ணன்.

அந்த இரண்டு தட்டை வைத்துத்தான் பாட்டைக் கட்டினேன். முதலில் எழுதினபோது பாட்டில் லைல் ஜெயித்து வீட்டுக்குப் போகிறான். ரேடியோவில் பாட்டுப் போடுகிற வாலஸ் ட்ரெம்ப் என்பவரிடம் கொண்டுபோனேன். அவர் சாண்ட்விச் தின்றுகொண்டே கேட்டார்.

"தம்பி, மெட்டு ஒட்டிக்கும். ஆனா பையன் ஜெயிச்சு வீட்டுக்குப் போய் அம்மா கையால சூப் குடிக்கிறான். இதுக்கு எவ அழுவா?"

"அழணுமா சார்?"

"பொண்ணுங்க அழுதாத்தான் ரெக்கார்டு விக்கும். அவனைச் சாகடி."

ஒரே மூச்சில் கடைசி இரண்டு சரணங்களையும் மாற்றி எழுதினேன். மெர்சர் கணவாயின் வளைவு, தைல மரம், உருண்ட கூப்பே. அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் நண்பனின் மடியில் உயிரை விடுகிறான். நண்பன் கடைசிவரை கூடவே இருக்கிறான். லைலிடம் பாடிக்காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவி, என்னையே கொன்னுட்டியாடா" என்றான். பதிவு செய்த கொட்டகைக்குத் தன் கூப்பேயையே ஓட்டிவந்து நிறுத்தினான். ரெக்கார்டில் நீங்கள் கேட்கிற அந்த இரண்டு தட்டும் அவனுடைய கைதான். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ரெக்கார்டைச் சுழலவிடுவதற்கு முன் வாலஸ் என்னை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, "இந்த லைல் நிஜமாவே இருந்தானா?" என்று கேட்டார். "இருந்தான், என் உயிர்த் தோழன்" என்றேன். "செத்துட்டானா?" என்றார். "ஆமா" என்றேன். அன்றைக்கு அது உண்மையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் தாமதமாக வருகிற உண்மையும் உண்மைதானே.

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. எந்தக் கடையில் நுழைந்தாலும் அதுதான். அந்த இரண்டு தட்டு வருகிற இடத்தில் பிள்ளைகள் மேஜையில் தட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால், செத்தவன் அதே கறுப்புக் கூப்பேயில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் பையன்கள் அவனை விடவில்லை. டிரைவ்-இன் கடையில் அவன் வண்டியை நிறுத்தினால், "ஏய், பேய் வந்துருச்சு, அதுக்கு வெங்காயம் போடாம ஒரு பர்கர் குடு" என்று கத்துவார்கள். அவனும் கண்ணை மேலே செருகிக்கொண்டு கையை நீட்டுவான். கொஞ்ச காலம் எல்லாம் தமாஷாகத்தான் இருந்தது.

அவன் அம்மாவுக்குத்தான் அது தமாஷாக இல்லை. இர்மா அம்மா ஆரஞ்சுப் பழம் அடைக்கிற கொட்டகையில் வேலை பார்த்தவர். யார் யாரோ வீட்டு வாசலில் மலர்வளையம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் நான் போனபோது லைல் சமையலறையில் அப்பம் தின்றுகொண்டிருந்தான், வாசலில் அவன் பேர் போட்ட வளையம் சாய்ந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வந்து பளார் என்று அறைந்தார். காது ரீங்கரித்தது.

"என் பிள்ளை முழுசா உக்காந்து திங்கிறான்டா. அவனுக்கு வாசல்ல பாடை கட்டிட்டியே, உனக்கு நான் எத்தனை தடவை சோறு போட்டிருக்கேன்?"

மரியாதை தெரிந்தவன் நான். அறைந்த கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன்.

பிறகு அந்தச் சண்டை. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து நான்கைந்து பேர் வளைவைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார்கள். டிரைவ்-இன்னில் லைல் ஒரு பெண்ணிடம் தன் பேரைச் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. "செத்தவன் பேரை வச்சுப் பொண்ணு பிடிக்கிறியா, நாயே" என்று ஒருவன் அவனைக் கார் ஜன்னல் வழியாகவே இழுத்துக் கீழே போட்டான். லைல் லைசென்ஸை எடுத்துக்காட்டப் பார்த்தான். கையை மிதித்தார்கள். விலா எலும்பு ஒடிந்தது, முன்பல் இரண்டு போயிற்று. பூட்ஸ் காலால் முகத்திலேயே உதைத்தவன் அழுதுகொண்டே உதைத்தான், அதைச் சொல்லவேண்டும். என் பாட்டு அவனை அவ்வளவு தொட்டிருந்தது. நான் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போய் விலக்கியிருக்கலாம். ஆனால் விலக்கினால் இவன் யார் என்று சொல்லவேண்டிவரும்.

அன்றிலிருந்து லைல் சிரிப்பதை நிறுத்திவிட்டான். காயம் ஆறி மறுபடி ஓட்டத் தொடங்கினதும் என்னிடம் வந்தான்.

"டெல், ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாலஸ் நிகழ்ச்சிக்குப் போறேன். நான் உயிரோடதான் இருக்கேன்னு மைக்குல சொல்லப்போறேன்."

"சொன்னா பாட்டு அன்னிக்கே செத்துரும்டா."

"பாட்டுதானேடா சாகும். எங்கம்மா ராத்திரியெல்லாம் எந்திரிச்சு வந்து நான் மூச்சு விடுறேனான்னு பாக்குது."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. அடுத்த ரெக்கார்டு வரட்டும்."

"பொய் சொன்னது நீ, உதை வாங்கினது நான். போதும்."

அவனுடைய நியாயம் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. பாட்டும் அவனும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தார்கள். இரண்டில் ஒன்று மாறவேண்டும். பாட்டை லட்சம் பேர் மனப்பாடம் செய்திருந்தார்கள். அதை இனி மாற்றமுடியாது.

சனிக்கிழமை பந்தயத்துக்குப் போனோம். அவன்தான் ஜெயித்தான். ஞாயிறு காலை, ஊரே தேவாலயத்தில் இருந்தபோது, அவன் வீட்டு வாசலில் தெரு டயர்களை மாட்டினோம். அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டிருந்தான், அழுக்குப் பட்டுவிடக்கூடாது என்று நானே எல்லாம் செய்தேன். வலதுபக்கம் நன்றாக முறுக்கினேன். இடது பின்சக்கரத்தின் நட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டேன். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் உடனே கிளம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தான். கதவுப் பிடியில் கை வைத்தான். இறங்கப்போகிறான் என்று நினைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, பல் போன வாயால் சிரித்து, "வாடா, நீயும் பின்னாடி வா, சேந்தே சொல்லிருவோம்" என்றான். அவன் இறங்கிப் பார்த்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். தாடையையும் உடைத்திருக்கமாட்டேன். அதை அவன்தான் தீர்மானித்தான்.

என் பிக்கப் வண்டியில் பின்னால் போனேன். வானொலி நிலையம் மெர்சர் கணவாய்க்கு அந்தப் பக்கம். கணவாயில் ஏறும்போதே சக்கரம் ஆட ஆரம்பித்தது. வளைவுக்குச் சற்று முன்னாலேயே கழன்று, வண்டியை முந்திக்கொண்டு தனியாக உருண்டு போயிற்று. கூப்பே சறுக்கி, கல் சுவரை உடைத்து, கீழே இரண்டு மூன்று குட்டிக்கரணம் போட்டு ஒரு ஓக் மரத்தில் மோதி நின்றது. தணித்த கூரை இன்னும் தணிந்துவிட்டது. எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு எண்ணெய். பாட்டில் தைல மரம் என்று இருக்கிறது, தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அந்த ஓக்கை நகராட்சி வெட்டியபிறகு அங்கே ஒரு தைல மரத்தை நானே நட்டேன். இப்போது நல்ல உயரம்.

சக்கரம் பந்தயத்தில் அடிபட்டதால் கழன்றது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அடக்கத்தின்போது நான் பாடினேன். இர்மா அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குடா, நான்தான் உன்னை அடிச்சுட்டேன்" என்று அழுதார். அதற்கப்புறம் பாட்டு நாடு முழுக்கப் போயிற்று. எப்போது ரெக்கார்டு வந்தது, எப்போது அவன் செத்தான் என்று ஒருவரும் பார்க்கவில்லை, உங்களைத் தவிர.

பாட்டு விட்டுச்சென்றது என்ன என்று கேட்டீர்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் அந்த வளைவுக்கு வருகிறார்கள். ஒருவன் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவான், இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் ஏறிச் செத்தவன் உண்டு. ஒரு பெண்ணின் தலை காருக்கு வெளியே கிடந்தது. அவர்களுடைய பெற்றோர் கூப்பிட்டால் எவ்வளவு தூரமானாலும் போய் அடக்கத்தில் பாடுவேன். காசு வாங்கமாட்டேன். பழைய கார் திருவிழாக்களில் அந்த இடம் வரும்போது நரைத்த தலைகளெல்லாம் சேர்ந்து தட்டும்போது தரையே அதிரும். நீங்கள் ஒருமுறை வந்து கேட்கவேண்டும்.

ஏன் குடிக்காமல் வைத்துவிட்டீர்கள்? நான்தான் சொன்னேனே, காப்பி நன்றாக இருக்காது என்று.

ஒன்று விட்டுப்போயிற்று. கீழே இறங்கிப் போனபோது அவன் சாகவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வெளியே இழுத்துப் போட்டுத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன், பாட்டில் இருக்கிற மாதிரியே. கால்கள் இரண்டும் திருகிக் கிடந்தன. வாயில் ரத்தம். ஆனால் கண் தெளிவாக இருந்தது. பிழைத்திருப்பான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், கெட்டியான உடம்பு. என்னைப் பார்த்து, "டெல், நீ தட்டினியேடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னான். மறுபடியும் அதையே சொன்னான்.

பாட்டில் அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, மிஸ் டெலனி.

நட்டு முறுக்கிய வீல் ஸ்பேனர் என் பின்பாக்கெட்டில் இருந்தது. இரண்டு தட்டு. அதற்குமேல் தேவைப்படவில்லை. பிறகு மேலே சாலையில் கார் சத்தம் கேட்கும்வரை அவன் தலையை மடியிலேயே வைத்திருந்தேன், முகத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டேன். என்னுடைய தொப்பியால் விசிறினேன்.

அதனால் தற்செயல் என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். கல்லில் செதுக்கியது அப்படியே இருக்கட்டும். அவனை நான் கடைசிவரை விட்டுப் போகவில்லை. பாட்டின் கடைசி வரி அதுதான், அது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை.