உலைக்கூடத்து வெயில்

ஐயா, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. பெயர் ஜெயராஜ். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் பதினேழு வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசர். பொய் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் உங்கள் விசாரணையில் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் உலைக்கூடத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால் "வெயிலு அடிச்சிச்சி" என்பார்கள். மார்கழியிலும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் படுக்கவைத்து, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து, எழுந்ததும் வேலைக்கு அனுப்புவோம். இந்த வைத்தியத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போனேன்.

உலைக் குழாயின் இணைப்பில் கார்பன் மோனாக்சைடு கசிவது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். வாசனையே இல்லாத விஷவாயு. உலையை அணைத்தால் மறுபடி சூடேற்ற மூன்று நாள் ஆகும். மேலே யார் பதில் சொல்வது? சட்டையில் மாட்டும் எச்சரிக்கைக் கருவிகள் ஓயாமல் கத்தின, ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். எல்லாவற்றையும் வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்றை மட்டும் நான் மாட்டிக்கொண்டேன். அது கத்தினால் வெளியே போய்விடுவேன். பொறுப்பில் இருப்பவன் தெளிவாக இருக்க வேண்டுமல்லவா.

எளாவூர் அன்புசெல்வன் விழுந்தபோது எலுமிச்சை பலிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். "புகை, வாயு ஏதாவது?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். "வெயில்தான் சார்" என்றேன். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் நெஞ்சுவலி, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. இன்னொரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இதயத் தசை கெட்டிருக்கு. விஷவாயு ஏதாவது உள்ள போச்சா?" என்றார். அன்பு என் முகத்தைப் பார்த்தான்.

"இல்ல சார், வெயிலுதான். அண்ணன் கூடவே இருந்துகினு பாத்தாரு."

அவ்வளவு நம்பியவனை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மறுவாரமே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன், அதே இடத்தில். நான்காம் நாள் இதயம் நின்றுவிட்டது.

"வெயில்ல அவ்ளோ நேரம் நிக்கமாட்டாரேண்ணா," என்றாள் அவன் மனைவி பூமிகா. "ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

அதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. என்னைக் கல்நெஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டதற்கு ஆமாம், எனக்குத் தெரிந்தேதான் செத்தான். புதுக் குழாய் அடுத்த மாதம்தான் வரும். அதுவரை உலை ஓடத்தானே வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணை நான் கைவிடவில்லை, ஐயா. போன திங்கட்கிழமை வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன். உலைக்குப் பக்கத்திலேயே, வெயில் படாத இடம்.