கழுத்தில் மாட்டிய பித்தளை வில்லை

என் பெயர் கங்கம்மாள், வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் துலுக்காணம், பொன்னேரி தாலுகா கவரைப்பேட்டை ரயில் கேட்டுக்குத் தெற்கே குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, கோவில் பாட்டுப் புத்தகம் பார்த்து எழுத்துக் கற்றேன், வீட்டுச் சாமான் கணக்கு நானே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கம்பி ஆலையில் ஆறு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அங்கே ஒன்றுக்குப் போக வேண்டுமானால் மேஸ்திரி ஆதிகேசவனிடம் பித்தளை வில்லை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே வில்லை. போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் துணி சோப்பு இரண்டு கட்டிக்குப் பதில் ஐந்து செலவானது. கேட்டதற்கு எண்ணெய்க் கறை என்றார். துவைக்கிற எனக்கு அது எண்ணெய் இல்லை என்று தெரியும், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆவணி பத்தாம் தேதி அவர் மூன்று தடவை கேட்டும் வில்லை கிடைக்காமல் நின்ற இடத்திலேயே காற்சட்டை நனைந்துவிட்டது. அதன் பிறகு மேஸ்திரி, "இன்னா நைனா, இப்ப வோணுமா? இந்தா, மாட்டிக்கோ" என்று வில்லையைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டி, ஷிப்டு முடியும்வரை கழற்றக்கூடாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட வேலை செய்யும் தானியேல் மட்டும் சிரிக்காமல் தன் துண்டைக் கொடுத்தார். துண்டைத் திரும்ப வாங்க வந்த தானியேல்தான் இதை என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு நான்காம் நாள் என் வீட்டுக்காரர் கிரீஸ் டப்பாவில் மணல் கலந்துவிட்டார். மெஷின் இறுகி, கம்பி அறுந்து, தானியேல் முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது. கிரீஸ் போடுகிற குப்பனைப் போலீசார் பிடித்துப் போனார்கள். அன்று என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்காமல் சொன்னார்: "மெஷின் நின்னா மேஸ்திரிய தொரத்துவாங்கன்னு நெனச்சிக்கினு செஞ்சேன். தானியேலு கிட்ட வந்து நிப்பான்னு தெரியாது."

ஆறு நாள் விளக்கேற்றினேன், செவ்வாய் விரதம் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ஏழாம் நாள் குப்பன் மனைவி பச்சையம்மா வந்து, "யக்கா, எங்க ஊட்டுக்காரருக்கும் சேத்து வேண்டிக்கோ, நீ சொன்னா சாமி கேக்கும்" என்றாள். அதன் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இன்று இங்கு வாக்குமூலம் கொடுக்க வந்தேன். அவர் தடுக்கவில்லை. குப்பன் மீது குற்றமில்லை.

வில்லை சமாசாரம் வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதன் பிறகு சேர்த்து எழுதினார். படித்துக் காட்டினார்கள், நானும் ஒரு தடவை படித்தேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) கங்கம்மாள்
பொன்னேரி, 6-9-1974