தங்கம் மிதக்காது

அட்டை மண்டிய காட்டாற்றில் இறங்கப் போனால் காலுக்கு நீங்கள் என்ன பூசிக்கொள்வீர்கள்? சிலர் சோப்பைத் தேய்ப்பார்கள். எங்கள் தோட்டத்தில் புகையிலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துப் பூசுவோம். நானும் அதைத்தான் பூசினேன். கால், கை, கழுத்து, எங்கும். ஒரு அட்டைகூடக் கிட்டே வராது.

காளிதாசன் அண்ணனை நான் சந்தேகிக்கத் தொடங்கியது இந்த எண்ணெயால்தான்.

என் பெயர் கிளாரன்ஸ். லூனாஸில் ஃபேக்டரி வேலை போனபிறகு சும்மா இருந்தேன். அண்ணனுக்குப் புக்கிட் செலம்பாவில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருந்தது. கரங்கான் ஊருக்கு மேலே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. அதன் அடிப்பாறையில் வெடிப்புகள் உண்டு. வெள்ளம் அடித்துவரும் தங்கப்பொடி, கனம் என்பதால், அவற்றுக்குள் போய்த் தங்கிவிடும். அதை அண்ணன் கண்டுபிடித்திருந்தார். கிடைப்பதில் பாதி உனக்கு என்று அவரேதான் கூப்பிட்டார்.

வெடிப்பின்மேல் பலகைபோல் ஒரு கல் படுத்திருக்கும். நான் அலவாங்கு என்கிற கடப்பாரையைக் கொடுத்து அதை நெம்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். அண்ணன் தண்ணீரில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, வளைத்த கரண்டியால் மண்ணைச் சுரண்டுவார். அந்த மண்ணை டூலாங் என்கிற மரத்தட்டில் போட்டுத் தண்ணீரில் சுற்றினால், மண் போய்விடும், தங்கம் அடியில் நிற்கும்.

அவர் சுற்றினால் நின்றது. நான் சுற்றினால் நிற்கவில்லை. ஒரே வெடிப்பு, ஒரே மண். நான் என்ன நினைப்பது?

"எண்ணெ கையோட டூலாங்க தொடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது தம்பி? பொடித் தங்கம் மிதந்து போயிடும் லா," என்றார்.

தங்கம் மிதக்குமாம். இரும்பைவிடக் கனமானது மிதக்குமாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார். தங்கத்தை முன்னாலேயே பொறுக்கிக்கொண்டு, வெறும் மண்ணை எனக்குத் தருகிறார் என்று புரிந்துகொண்டேன்.

அதன்பிறகு டூலாங் என் கையில் சுற்றும், கண் அவர்மேல் இருக்கும். எங்கே துப்புகிறார், எப்போது இடுப்பைத் தொடுகிறார், எதற்காகப் புதருக்குப் பின்னால் போகிறார் என்று பார்த்தேன். அவர் மனைவி உமாராணி அக்கா எனக்குக் கட்டிக்கொடுத்த சோற்றில் எப்போதும் ஒரு முட்டை அதிகமாக இருக்கும். மனசு உறுத்துகிற வீட்டில்தான் அப்படிக் கவனிப்பார்கள்.

அன்று மதியம் மலைப்பக்கம் இருட்டியது. ஆறு தே தாரிக் என்கிற பால் தேநீரின் நிறத்துக்கு மாறத் தொடங்கியது.

"தண்ணி வருது லா. இந்த ஒண்ண முடிச்சிட்டு போயிடுவோம். கெட்டியா புடிச்சுக்க," என்று அண்ணன் கையை உள்ளே விட்டார்.

"அண்ணே, என் பங்கு எங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒம் பங்குதான் மிதந்து கடலுக்கே போயிருச்சே. ஃபேக்டரில ஒன்ன ஏன் நிப்பாட்டுனாங்கன்னு இப்பத்தான்டா தெரியுது."

நான் அவரை அடிக்கவில்லை. தள்ளவும் இல்லை. அலவாங்கை மட்டும் வெளியே உருவினேன். கல் முன்பு இருந்த இடத்துக்கே திரும்பியது. அவர் கை உள்ளே இருந்தது.

உண்மையைச் சொல்ல அவருக்கு அவகாசம் கொடுத்தேன். கரையில் உட்கார்ந்து, "எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று பொறுமையாகத்தான் கேட்டேன். முதலில் திட்டினார். தண்ணீர் தாடையைத் தொட்டதும் குரல் மாறியது.

"கல்லத் தூக்குடா தம்பி. நான் எதயும் எடுக்கலடா. எண்ணெதான்டா, சத்தியமா அந்த எண்ணெதான்."

கடைசிவரை அதே பேச்சு. பிடிவாதக்காரர். அலவாங்கு என் மடியில்தான் இருந்தது. ஒருமுறை நெம்பியிருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் அவர் தலைக்குமேல் போனது.

அவர் பையைப் பார்த்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மோட்டார் சைக்கிள் சீட்டைக் கழற்றினேன். கிடைத்த பொடியைப் போட்டுவைக்கும், எங்கள் இருவருக்கும் பொதுவான சின்ன போத்தலைத் தவிர எதுவும் இல்லை. வெடிப்புக்குள்ளேயே விட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருந்தது. அவர் அங்கேயே இருந்தார். காலுக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கினேன். கல்லை நெம்பி, அவர் கைக்குக் கீழே இருந்த மண்ணை அள்ளி டூலாங்கில் சுற்றினேன். கவனிக்க வேறு ஆள் இல்லாததால் அன்றுதான் டூலாங்கைப் பார்த்தேன். மஞ்சள் பொடி மேலே வந்தது. எண்ணெய்ப் படலத்தோடு மிதந்து, விளிம்பைத் தாண்டி, ஆற்றோடு போனது.