அரைப்பேர்க்காரிகளின் நிஷாந்தினி

மேடையில் வீற்றிருக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களே! தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! இந்தப் பனியிலும் கொழும்பிலிருந்து வந்திருக்கிற அதிகாரிகளே! பதுளை வர்த்தகர்கள் சார்பில் வந்திருக்கும் மொஹிதீன் ஹாஜியார் அவர்களே! நாற்காலி போதாமல் தரையில் குந்தியிருக்கிற கறுத்தக்கல் தோட்டத்துத் தாய்மார்களே! இளைஞர் சுகாதார மன்றத்துப் பிள்ளைகளே! பெற்ற மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் தலை நிமிராமல் இருக்கும் இராமையா அண்ணனே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

என் பெயர் ஸித்தி ஸுபைதா. இந்த மலைகளில் மருத்துவ மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இங்கே இருக்கும் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டது இந்தக் கைகள்தான். எனக்குப் பேச ஐந்து நிமிடம் என்றார்கள். தலைவர் அவர்கள் பிந்தி வந்து அரை மணி நேரம் அழுததால், சுருக்கிக்கொள்ளும்படி இப்போது துண்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் சுருக்கமாட்டேன். பிடிக்காதவர்கள் மைக்கை நிற்பாட்டலாம். பிரசவ அறையில் கத்திப் பழகிய தொண்டை இது, மைக் அவசியமில்லை.

எனக்குப் பின்னால் பேனர் கட்டியிருக்கிறீர்கள். 'மலையகச் சுகாதாரச் சுடர் நிஷாந்தினி இராமையா' என்று எழுதியிருக்கிறீர்கள். அடேயப்பா! எப்போதிலிருந்து சுடர்? இந்தப் பிள்ளைக்கு நீங்கள் வைத்திருந்த பட்டம் எனக்குத் தெரியாதா? 'சுடுதண்ணி!' தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று லயம் லயமாக, வரிசை வீடுகள் எல்லாம் ஏறிச் சொல்லிக்கொண்டு போனவளைப் பார்த்து, 'சுடுதண்ணி வருது, ஓடு ஓடு' என்று சிரித்தது யார்? தலைவர் அவர்களே, உங்கள் சங்க ஆபீசில் அந்தப் பெயரைச் சொல்லி முதலில் சிரித்தவர் யார் என்று நான் சொல்லட்டுமா? வேண்டாம், செத்த வீடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம்.

நிஷாந்தினி எப்படித் தலைவியானாள் என்று இதுவரை பேசிய ஐந்து பேரும் சொல்லவில்லை. பிறவியிலேயே ஆற்றல் என்றார் ஒருவர். ஆற்றலுமில்லை, ஒன்றுமில்லை! அவளைத் தலைவியாக்கியது ஒரு சொல். 'அரைப்பேர்' என்கிற சொல். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். விடியப் பெரட்டில், அதுதான் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், நின்று, மலைக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். இடையில் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தால் அரைப்பேர். இவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா என்று பெரட்டில் யாரும் கேட்பதில்லை.

நிஷாந்தினி ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது அவள் அம்மா ஜெயலெட்சுமி இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். அப்போது நான் அப்புத்தளைப் பக்கம் வேலையில் இருந்தேன். இந்தக் கதையை நிஷாவே என்னிடம் சொன்னாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. ஜெயலெட்சுமி அன்று காலையில் கணக்குப்பிள்ளையோடு வாய்ச்சண்டை பிடித்துவிட்டு நேரே கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். அங்கே புதிதாக வந்த ஒரு சிங்களப் பையன், தமிழ் அரைகுறை, தலை நிமிராமல் கேட்டிருக்கிறான்: "பேர் என்ன?"

இவள் மனம் இன்னும் பெரட்டிலேயே நிற்கிறது. "அரைப்பேருதாங்க ஐயா, வேறென்ன குடுத்துருவாங்க?" என்றாள்.

அவன் 'அரைப்பேர்' என்று எழுதிக்கொண்டான். இரத்தம் எடுத்துப் பதுளைக்கு அனுப்பினார்கள். அடுத்த கிளினிக்கில் முடிவு வந்தது. விறாந்தையில் நின்று கூப்பிட்டான்: "அரைப்பேர்! அரைப்பேர்!" வரிசையில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாங்க எல்லாருமே அரைப்பேருதான் தம்பி, யாரக் கூப்புடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெயலெட்சுமியும் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்ததை நிஷா பக்கத்தில் நின்று பார்த்தாள். யாரும் எழும்பாததால் முடிவு திரும்பிப் போய்விட்டது. ஜெயலெட்சுமியின் உடம்பில் இரத்தமே இல்லை என்று அதில் இருந்தது. பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது, றப்பே! அதற்காக அந்தப் பிள்ளை என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

அம்மா செத்த அடுத்த மாதத்திலிருந்து நிஷா கிளினிக் நாளில் பள்ளிக்கூடம் போகமாட்டாள். வாசலில் வந்து நிற்பாள். வருகிற ஒவ்வொரு பெண்ணுடைய பெயரையும், புருஷன் பெயரையும், எந்த லயம் என்பதையும் அவளே உரக்கச் சொல்லுவாள். முதலில் துரத்தினார்கள். பிறகு அவள் இல்லாமல் கிளினிக் நடக்காது என்றாயிற்று. அவளோடு ரமேஸ் வந்தான், இன்னும் நாலு பிள்ளைகள் வந்தார்கள். பின்னால் மன்றம் என்று ஆனது அதுதான். அவள் படித்தாள், பட்டம் எடுத்தாள், கொழும்பில் வேலை கிடைத்தது. திரும்பி வந்து மேல்லயத்திலேயே இருந்துகொண்டு லுணுகலை வரைக்கும் தோட்டம் தோட்டமாக மன்றம் அமைத்தாள். மாவட்ட இளைஞர் குழுவுக்குத் தலைவியானாள். எல்லாம் எதற்கு? ஒரே ஒரு கோரிக்கைக்கு! கிளினிக் நாளில் பெண்களுக்கு முழுப்பேர் போடுங்கள். வேறு எதையாவது அவள் கேட்டாளா? கோட்டை கேட்டாளா, கொத்தளம் கேட்டாளா?

கொழும்பில் பெரிய இளைஞர் மாநாடு. அங்கே போய் இதைத்தான் பேசினாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க பொம்பளைங்களுக்கு அரைப்பேருதாங்க கிடைக்கும்." மொழிபெயர்த்தவர், "ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கள் பெண்களுக்குப் பாதிப் பெயர்தான் மிஞ்சும்" என்று சொல்ல, மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. கவிதை என்று நினைத்துவிட்டார்கள், படித்த முண்டங்கள்! கேடயம் கொடுத்து அனுப்பினார்கள். "கவிதை இல்லீங்க, செக்ரோல், சம்பளக் கணக்கு!" என்று அவள் கத்தியது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக்கு வந்து, "மிஸ், எனக்குக் கை தட்டி அனுப்பிட்டாங்க" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

முகாமையாளர் ஐயாவிடம் எத்தனை தடவை வந்தாள்? ஐயா ஒவ்வொரு தடவையும் 'பார்க்கலாம்' என்றார். தலைவரிடம் போனாள். தலைவர் 'பேசுவோம்' என்றார். ஒருவர் பார்க்கவுமில்லை, ஒருவர் பேசவுமில்லை. அரைப்பேருக்குப் பயந்த பெண்கள் கிளினிக்குக்கு வரவில்லை. அதனால் பிரஷர் பார்க்கிற கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பிள்ளையே மலைக்கு ஏறத் தொடங்கினாள். அவளைக் கொன்றது குளவி என்றுதானே இங்கே எல்லோரும் பேசினீர்கள்? குளவி மலையில் ஒரு மரத்தில் கூடு கட்டி அது பாட்டுக்கு இருந்தது. இவளை அந்த மரத்தடிக்கு அனுப்பியது யார்?

விஜயராணி, எங்கே இருக்கிறாய்? அதோ, தூணோடு சாய்ந்திருக்கிறாள். எட்டாம் மாதம். கிளினிக்குக்கு வந்தால் பேர் போய்விடும் என்று மூன்று தடவை வராமல் விட்டவள். உன்னை நான் ஏசமாட்டேன் பிள்ளை, அழாதே. போன மாதம் அன்றைக்கு நடந்ததை அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்: "அக்கா என் கையில பட்டியக் கட்டிக்கிட்டு, ஏன்டி வரலன்னு ஏசிக்கிட்டு இருந்துச்சுங்க. அப்பதான் குளவி கெளம்பிருச்சு. என்னய கீழ தள்ளி, என் படங்க அவுத்து என் மேல போர்த்தி, அதுக்கு மேல படுத்துக்கிச்சுங்க." படங்கு என்றால் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற சாக்கு. சாக்குக்குக் கீழே விஜயராணி. சாக்குக்கு மேலே நிஷா.

பிறகு? ரோட்டில் கொழுந்து லொறி நின்றது. பெண்கள் ஓடிப்போய்க் கெஞ்சினார்கள். "கொழுந்து வாடிப் போகும், பக்டரியில எறக்கிட்டு வந்துர்றோம்" என்று பதில் வந்தது. அந்தக் கொழுந்தைக் குடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும்! பெண்கள் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். லொறி இறக்கிவிட்டு வந்து ஏற்றிய நேரத்தில் பிள்ளையின் முகம் யாருடையது என்றே தெரியவில்லை என்கிறார் இராமையா அண்ணன். பதுளை டவுனைக் காணுமுன்னே உயிர் போய்விட்டது.

கேளுங்கள் அதிகாரிகளே, இது நான் இட்டுக்கட்டியதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பெண்கள் வேலை முடியுமுன் மலையை விட்டு இறங்கினார்கள் அல்லவா? அன்று அவர்கள் எல்லோருக்கும் அரைப்பேர்.

முகாமையாளர் ஐயா, ஏன் தலையைக் குனிகிறீர்கள்? இன்னும் முடியவில்லை. நேற்றுப் பெரட்டில் கணக்குப்பிள்ளை ஓர் அறிவிப்புச் செய்தாராம்: "நாளைக்கி நிஷாந்தினி மிஸ்ஸோட இரங்கல் கூட்டத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் முழுப்பேரு." எவ்வளவு தாராளம்! எவ்வளவு பெரிய மனசு! அவள் உயிரோடு கேட்டபோது இல்லாத முழுப்பேர், அவள் படத்துக்கு மாலை போட்டவுடன் எங்கிருந்து வந்தது? மண்டபம் நிறைந்தால்தானே கொழும்பு ஆட்கள் படம் பிடிக்கலாம்! இன்று வியாழக்கிழமை. இந்த மாதத்துக் கிளினிக் நாள். இந்த மண்டபத்தில்தான் கிளினிக் நடக்க வேண்டும். கிளினிக்கை இரத்துச் செய்துவிட்டு, அதே இடத்தில், கிளினிக்குக்காகச் செத்தவளுக்குக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். இந்த மூளை யாருக்கு ஐயா வரும்?

முகாமையாளர் அவர்களே, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். இனிக் கிளினிக் நாளில் முழுப்பேர் என்று இந்த மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் நிற்கிறேன்.

சொல்லமாட்டீர்களா? தலைவரே, நீங்களாவது கேட்டு வாங்குங்களேன்? நீங்களும் இல்லை. சரி. தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும், பேச்சுவார்த்தை வைக்க வேண்டும் என்பீர்கள். கேளுங்கள், வையுங்கள்.

தாய்மார்களே, இனி நான் உங்களோடுதான் பேசுவேன். ஒரு நிமிட மௌனம் அனுஷ்டிக்கும்படி சொல்லப் போகிறார்கள். அனுஷ்டிக்காதீர்கள்! இத்தனை வருடம் அனுஷ்டித்தது போதும். அடுத்த மாதக் கிளினிக் நாளில் வயிற்றுப் பிள்ளைக்காரி மட்டும் வந்தால் அவள் பேரை வெட்டுவார்கள். மலைக்குப் போகிற அத்தனை பெண்களும் பெரட்டிலிருந்து நேரே இங்கே வந்து உட்காருங்கள். எத்தனை பேரை வெட்டுவார்கள்? கொழுந்தைத் துரையா எடுப்பார்? மன்றத்துப் பிள்ளைகள் விடிய முன்னே லயம் லயமாக வந்து கதவைத் தட்டுவார்கள். ஓய்வு பெற்ற கிழவி நானும் முதல் பஸ்ஸில் வருவேன். நிஷாந்தினி இராமையாவுக்கு என்னால் செய்ய முடிந்த சத்தியம் இதுதான்.

அடுத்த மாதம் இருக்கட்டும். இன்றைக்கு என்ன குறை? உங்களுக்கு இன்று முழுப்பேர். பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்ன பேர், இனி எவனாலும் வெட்ட முடியாது. இந்தத் தோட்டத்தில் ஒரு கிளினிக் நாளில் நீங்கள் முழுப்பேரோடு இருப்பது இதுதான் முதல் தடவை. அதை அழுது வீணாக்கவா போகிறீர்கள்? றிஸ்னி மிஸ், இப்போது இங்கே மருத்துவ மாது நீதானே, பையைக் கொண்டுவந்திருக்கிறாய்தானே? நீ கொண்டுவராமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ரமேஸ், பின்னறையில் தராசும் கட்டிலும் பூட்டியிருக்கிறது, திறந்து எடு. திறப்பு இல்லாவிட்டால் பூட்டை உடை, நான் பொறுப்பு. மாசமாக இருக்கிறவர்கள் முன்னால் வாருங்கள், கைப்பிள்ளைக்காரிகள் இடப்பக்கம் நில்லுங்கள். விஜயராணி, எழும்பி வா, முதலில் நீ.

முகாமையாளர் ஐயா, நீங்களும் கொஞ்சம் எழும்புங்கள். நீங்கள் இருப்பது கர்ப்பிணிகளுக்குப் போட்ட கதிரை.